கையில் எண்ணா, கயிறா, கடிகாரமா? சின்னப் பிள்ளைகளோடு பயணம் வெளிக்கிடும் முன்

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கோயில் கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே எங்கள் குடும்பத்து வட்ஸ்அப்பில் இந்தக் கேள்வி தொடங்கிவிடும். வெளிநாட்டிலிருந்து யாராவது பிள்ளைகளோடு வருவார்கள். மூன்று வயதில் ஒன்று, ஐந்து வயதில் ஒன்று. நல்லூர், நயினாதீவு, கீரிமலை, கசூரினாக் கடற்கரை என்று ஒரு கிழமை. பிறகு வான் பிடித்துக் கண்டி, கொழும்பு. "அந்தச் சனத்துக்குள் பிள்ளையைத் தவறவிட்டால் என்ன செய்வது? ஜிபிஎஸ் கடிகாரம் வாங்கிக்கொண்டு வரட்டா, இல்லாவிட்டால் அந்தக் கைக்கயிறு போதுமா?" இந்த வருடம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூன்று பேருக்கும் தனித்தனியாகக் கதைத்து முடிப்பதைவிட எழுதிவிடுவது சுகம்.

எனக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கும் இருக்கிறது. நாலு வருடத்துக்கு முன் ஒரு கோயில் தேரன்று அக்காவின் மகன் இருபது நிமிடம் காணாமல் போனான். அப்போது அவனுக்கு நாலு வயது. அவன் ஓடிப்போகவில்லை. அவன் அத்தானோடு நிற்கிறான் என்று நான் நினைத்தேன். என்னோடு நிற்கிறான் என்று அத்தான் நினைத்தார். அவனோ கச்சான் வறுக்கிறதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். கச்சான் கடை அம்மா அவனைச் சாக்கு மூட்டையில் இருத்தி, கையில் ஒரு சுருள் கச்சானும் கொடுத்து வைத்திருந்தார். வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது தொலைபேசி எண் எழுதிய அட்டையை அவனுடைய சட்டைப் பைக்குள் அக்கா வைத்துத்தான் அனுப்பினா. கோயிலுக்குள் போகக் கழற்றிய அந்தச் சட்டை என் தோள் பையில் இருந்தது.

எதை வைத்து ஒப்பிடுவது

விலையில் தொடங்காதீர்கள். விலை கடைசியில் வரட்டும். முதலில் பார்க்க வேண்டியது, அந்தப் பொருள் பிள்ளையின் உடம்பிலேயே இருக்குமா என்பது. எங்கள் ஊர்ப் பயணங்களில் உடுப்புக் கழன்றுகொண்டே இருக்கும். கோயில் வாசலில் செருப்பு, உள்ளே போக ஆண்பிள்ளைகளின் சட்டை, கீரிமலைக் கேணியில் குளிக்க எல்லாமே. சப்பாத்துக்குள் ஒளித்துவைப்பது, சட்டையில் ஊசியால் குத்துவது என்று வெளிநாட்டில் சொல்லிக்கொடுக்கும் உபாயங்களில் பாதி இங்கே வாசலோடு முடிந்துவிடும்.

இரண்டாவது, பிள்ளையைக் கண்டெடுப்பவருக்கு அது விளங்குமா. மூன்றாவது, பெருஞ்சனத்துக்குள்ளும் அது வேலை செய்யுமா. நாலாவது, அதனாலேயே பிள்ளைக்கு வேறு ஆபத்து வருமா. ஐந்தாவதைப் பலர் யோசிப்பதில்லை: அது இருக்கிறது என்ற தைரியத்தில் பெரியவர்கள் கண்ணை எடுத்துவிடுவார்களா.

இன்னொன்றையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். சில பொருள்கள் பிள்ளை தொலையாமல் தடுக்கும். சில தொலைந்த பிறகு சேர்த்துவைக்கும். கயிறு முதல் வகை, எண் இரண்டாம் வகை. கடிகாரத்தைத் தடுக்கும் பொருள் என்று நினைத்து வாங்குகிறார்கள். அதுவும் இரண்டாம் வகைதான்.

கையில் எழுதும் எண், கைப்பட்டி

இதுதான் மலிவு. என் கணக்கில் முதல் இடமும் இதற்குத்தான்.

சாதாரணக் குமிழ்முனைப் பேனையால் எழுதினால் ஆவணி வெயிலில் மத்தியானத்துக்குள் வியர்வையில் கலங்கிவிடும். அழியாத மை மார்க்கர் நல்லது. முன்கையின் உட்பக்கத்தில் பெரிதாக எழுதி, காய்ந்த பிறகு மேலே ஒளிபுகும் நீர்ப்புகாப் பிளாஸ்டர் ஒன்றை ஒட்டினால் ஒரு நாள் தாராளமாக நிற்கும். கீரிமலையில் குளித்து ஏறியதும் ஒருதரம் பார்த்து, தேவையென்றால் திரும்ப எழுதுங்கள். தோலில் சொறி, கிரந்தி உள்ள பிள்ளைக்கு மார்க்கர் வேண்டாம். அவர்களுக்கு ஆஸ்பத்திரியில் கட்டுவது போன்ற, கடதாசி போல மெல்லிய, நனையாத கைப்பட்டி சரி. கத்தரிக்கோல் இல்லாமல் அது கழராது. வழுக்கிக் கழரும் ரப்பர் வளையத்தைவிட அது எவ்வளவோ மேல். எண் கோத்த மணிக் காப்பு பார்க்க வடிவு. ஆனால் நூல் அறுந்தால் மணிகள் நிலத்தில், எண்ணும் நிலத்தில். அரைஞாண் கொடியில் தகடு கோத்துவிடலாமே என்று அம்மா ஒருமுறை சொன்னா. யோசனை நல்லதுதான், ஆனால் ஊர் பேர் தெரியாத பிள்ளையின் இடுப்பை யார் தடவிப் பார்ப்பார்கள்? தகட்டைத் தங்கத்தில் செய்யலாம் என்று அடுத்த யோசனை வருமுன் சொல்லிவிடுகிறேன்: திருவிழாவுக்குப் போகும் பிள்ளைக்குத் தங்கமே வேண்டாம்.

எண்ணில் மறைந்திருக்கும் செலவு காசல்ல, யாருடைய எண் என்பது. கனடா எண்ணை எழுதிவைத்தால் கச்சான் கடை அம்மா அதற்கு எடுக்கப் போவதில்லை. வந்திறங்கியதும் வாங்கும் உள்ளூர் சிம்மின் பத்து இலக்கம்தான் கையில் இருக்க வேண்டும். அப்புறம், கோயிலுக்குள் போகும் எல்லோரும் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிடுவார்கள். எண் சரி, அழைப்பும் வருகிறது, போனோ அக்காவின் கைப்பைக்குள் மௌன விரதம். அதனால் இரண்டாவது எண்ணாக வீட்டில் இருக்கும் ஒருவருடையதை எழுதுங்கள். எங்கள் வீட்டில் அது அம்மம்மா. முதல் மணிக்கே எடுத்துவிடுவா. தேரன்று சனநெருக்கத்தில் அழைப்புகள் தடைப்படும்போதும், இரண்டு பக்கத்துக்கும் செய்தி சொல்ல வீட்டில் ஒருவர் இருப்பது உதவும்.

பிள்ளையின் பெயரை வெளியே தெரிய எழுத வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரைத் தெரிந்தவர் என்று பிள்ளை நம்பிவிடும். எண் மட்டும் போதும்.

தெற்குப் பக்கம் போகும்போது இன்னொரு வேலை இருக்கிறது. தமிழ் மட்டும் பேசும் பிள்ளை தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் தொலைந்தால், கண்டெடுப்பவர் சிங்களம் மட்டும் தெரிந்தவராக இருக்கலாம். "இது என் அம்மாவின் எண், அழையுங்கள்" என்ற ஒரு வரியைச் சிங்களம் தெரிந்த ஒருவரிடம் எழுதுவித்துக் கைப்பட்டியில் சேர்த்துவிடுங்கள். அம்மா என்ற சொல் இரண்டு மொழியிலும் அம்மாதான், அது ஒரு நிம்மதி. ஆனால் சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. பிள்ளை தாத்தாவைக் கேட்டு அழுதால் அங்கே எல்லோரும் அப்பாவைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஐந்து வயது என்றால் எண்ணை மனப்பாடமாகவும் சொல்லிக்கொடுக்கலாம். மூன்று, மூன்று, நாலு என்று பிரித்து ஒரு பாட்டாகப் பாடினால் இரண்டு கிழமையில் பல பிள்ளைகளுக்கு வந்துவிடும். பயந்து அழும்போது பாட்டு வராமலும் போகலாம். ஆகவே மனப்பாடம் இருந்தாலும் கையில் எழுதத்தான் வேண்டும்.

கைக்கயிறு

பிள்ளையின் மணிக்கட்டையும் பெரியவரின் மணிக்கட்டையும் இணைக்கும் சுருள் கயிறு ஒரு வகை. நெஞ்சைச் சுற்றிப் பூட்டும் பட்டியில், அல்லது முதுகுப் பையில், பிடிவார் வைத்தது இன்னொரு வகை. வாங்குவதென்றால் இரண்டாவதை வாங்குங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கையைச் சடாரென்று இழுத்தால் முழங்கை மூட்டு நழுவக்கூடும். டாக்டர்கள் அடிக்கடி பார்க்கும் காயம் அது. ஓடுகிற பிள்ளையை மணிக்கட்டுக் கயிறு அப்படித்தான் இழுக்கும்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டிகள் தள்ளிக்கொண்டு போகும்போது, யாழ்தேவிக்காகப் புகையிரத மேடையில் நிற்கும்போது, பஸ் நிலையத்தில், ஒரு தாய் தனியாக இரண்டு பிள்ளைகளோடு ரோட்டைக் கடக்கும்போது கயிற்றுக்கு நிகர் இல்லை. அந்த இடங்களில் எண்ணும் கடிகாரமும் அடுத்த நிமிடத்துக்குத்தான் உதவும். கயிறு இந்த நிமிடத்துக்கு உதவும்.

தேர் இழுக்கும் வீதியில் அதே கயிறு ஆபத்து. உங்களுக்கும் பிள்ளைக்கும் நடுவால் நாலு பேர் நடப்பார்கள், கால் தடுக்கும், ஒருவர் விழுந்தால் பிள்ளையும் விழும். அங்கப்பிரதட்சணை செய்பவர்கள் உருண்டு வரும் வீதியில் அதை நினைத்தும் பார்க்க வேண்டாம். அங்கே பிள்ளையைத் தூக்கிக்கொள்ளுங்கள், அல்லது நெருக்கம் குறைந்த நேரத்தில் போங்கள். நயினாதீவுக்குப் போகக் குறிகட்டுவானில் படகு ஏறும்போதும் கயிற்றைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள். படகில் பிள்ளையை எதோடும் கட்டக் கூடாது. அங்கே வேண்டியது பிள்ளையின் அளவுக்குச் சரியான உயிர்காப்பு அங்கி.

இதன் மறைவான செலவு, சொந்தக்காரர் வாய். "என்ன, பிள்ளையை ஆட்டுக்குட்டி மாதிரிக் கட்டிக்கொண்டு திரியுறாய்?" என்று ஒரு மாமியாவது கேட்பா. கேட்கட்டும். ரோட்டுக்குப் பாயும் பழக்கமுள்ள பிள்ளையை அந்த மாமி ஒரு மணித்தியாலம் பிடித்துப் பார்க்கட்டும்.

ஜிபிஎஸ் கடிகாரம்

கேட்கிறவர்களுக்கு அதிக ஆசை இதில்தான். இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் ஆசை கொஞ்சம் இறங்கும். கடிகாரம் செய்மதிகளிடமிருந்து தன் இடத்தைக் கணிக்கிறது. கணித்ததை உள்ளே இருக்கும் சிம் வழியாக உங்கள் போனுக்கு அனுப்புகிறது. முதல் வேலைக்கு வானம் தெரிய வேண்டும். இரண்டாவதற்குச் சிக்னல் வேண்டும். கோயில் மண்டபத்துக்குள் முதலாவது தளரும், தேர்ச் சனத்துக்குள் இரண்டாவது தளரும். திறந்த வெளியிலேயே சில மீற்றர் பிழை வரும். வெட்டைவெளியில் பத்து மீற்றர் ஒன்றுமில்லை. தேரன்று பத்து மீற்றருக்குள் எத்தனை தலைகள்!

பல கடிகாரங்கள் பற்றரியை மிச்சம் பிடிக்கச் சில நிமிடத்துக்கு ஒருமுறைதான் இடத்தைப் புதுப்பிக்கும். சின்னப் பிள்ளை நிமிடத்துக்கு ஐம்பது மீற்றர் நடந்தால்கூட, ஐந்து நிமிடப் பழைய புள்ளி உங்களை இருநூற்றைம்பது மீற்றர் தள்ளி நிறுத்திவிடும்.

செலவைக் கூட்டிப் பாருங்கள்: கடிகாரம், அதற்கென்று ஒரு சிம், மாதாமாதம் டேட்டா, ஒவ்வோர் இரவும் சார்ஜ். வெளிநாட்டில் ஒரு கம்பனியோடு பூட்டி விற்ற கடிகாரம் இங்கத்தைய சிம்மை ஏற்காமலும் போகலாம். வாங்குமுன் அதைக் கேட்டுவிடுங்கள். மலிவுக் கடிகாரங்களில் இன்னொரு சிக்கல், பிள்ளை நிற்கும் இடம் உங்களுக்கு மட்டும்தான் தெரிகிறதா என்பது. தூரத்திலிருந்து இரகசியமாக ஒட்டுக்கேட்கக்கூடிய சிறுவர் கடிகாரங்களை 2017இல் ஜேர்மனி தடையே செய்தது.

இவ்வளவு சொன்னாலும் கடிகாரத்துக்கு இடம் இருக்கிறது. ஏழெட்டு வயதாகி, தானாக நடந்து திரியும், பொத்தானை அமத்தி "அம்மா, நான் இங்கே நிற்கிறேன்" என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அது நல்ல சாமான். கண்டிக்குப் பக்கத்துப் பேராதனைப் பூங்கா 147 ஏக்கர். அங்கே ஒரு வளைவில் தவறினால் கடிகாரம் தன் விலையைத் திருப்பித் தந்துவிடும். மூன்று வயதுப் பிள்ளைக்கு வாங்கினால் அது கழற்றி எறிந்து விளையாடும் சாமான்.

புளூடூத் வில்லை

ஏர்டாக் போன்ற வட்ட வில்லைகள். இவற்றுக்குள் செய்மதியும் இல்லை, சிம்மும் இல்லை. பக்கத்தில் போகும் யாரோ ஒருவரின் போன் வில்லையின் சைகையைப் பிடித்து உங்களுக்குச் சொல்கிறது. ஏர்டாக் என்றால் அது அப்பிள் போனாக இருக்க வேண்டும். நல்லூர்க் காலத்தில் லண்டனும் ரொறன்ரோவும் வீதியில் நிற்பதால் அப்பிளுக்குக் குறைவில்லை. கிழமை நாளில் கசூரினாவில் சவுக்கு மரங்களைத் தவிர வேறு யார் பதில் சொல்வார்கள்? அண்ட்ரொயிட் போன்களுக்கும் 2024 முதல் இதே மாதிரி வலை இருக்கிறது. அங்கேயும் கதை அதுதான்: ஆள் நடமாட்டம் இருந்தால்தான் சைகை வரும்.

அப்பிள் கம்பனியே இதைப் பொருள்களைத் தேடத்தான் செய்தோம், ஆட்களைத் தேட அல்ல என்கிறது. என்னைப் பயமுறுத்துவது உள்ளே இருக்கும் காசு வடிவப் பற்றரி. பிள்ளை அதை விழுங்கித் தொண்டையில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாய் கடுமையாக வெந்துவிடும். வில்லையைப் பயணப் பெட்டிக்குள் போடுங்கள். பிள்ளைக்கு வேண்டாம்.

ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள்

இதற்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டியதில்லை, அதனால்தானோ என்னவோ யாரும் இதைத் தெரிவாகவே எண்ணுவதில்லை. எட்டுப் பெரியவர்கள் போகும் பயணத்தில்தான் பிள்ளை தொலையும். இரண்டு பேர் போனால் தொலையாது. எட்டுப் பேரில் ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரை நம்புகிறார்கள்.

ஆகவே பெயர் சொல்லிப் பிரியுங்கள். இந்த அரை மணித்தியாலம் சின்னவன் சித்தப்பாவிடம், பெரியவள் மாமியிடம். கைமாறும்போது வாயால் சொல்ல வேண்டும்: "பிள்ளை உங்களிட்ட." மற்றவர் திரும்பச் சொல்ல வேண்டும்: "ஓம், என்னிட்ட." தலையாட்டுவது செல்லாது. நானும் அத்தானும் அன்று தலையாட்டினோம்.

கைமாறும் இடங்கள்தான் ஓட்டை. கீரிமலையில் ஆண்களுக்கு ஒரு கேணி, பெண்களுக்கு வேறு கேணி. நாலு வயதுப் பையன் அம்மாவோடு போகிறானா, அப்பாவோடா? இடையில் இருக்கும் அந்தச் சுவரடியில்தான் அவன் தனியாக நிற்பான், அதுவும் தண்ணீருக்குப் பக்கத்தில். வானில் ஏறும்போது இன்னொரு ஓட்டை. "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்காதீர்கள், "ஓம்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ஒருவர் பின் இருக்கைவரை போய்த் தலையைத் தொட்டு எண்ண வேண்டும். இறங்கும்போதும் அப்படித்தான், நித்திரையான பிள்ளை பின்னால் விடுபடும்.

செலவு இல்லையா என்றால் இருக்கிறது. பிள்ளை பொறுப்பில் நிற்பவருக்குத் தேரும் இல்லை, போட்டோவும் இல்லை. முறை மாற்றாவிட்டால் முழு நாளும் ஒரே அக்காதான் அம்பிடுவா, அவவும் களைத்துப்போவா. முழங்கால் வலியுள்ள அம்மம்மாவிடம் ஓடும் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். ஒன்பது வயது அக்காவைக் காவலாளி ஆக்கவும் வேண்டாம். அவளும் பிள்ளைதான்.

எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை என்று ஒரு முறை இருக்கிறது. மிருகக்காட்சிச்சாலையில் நன்றாக உதவும். கோயிலுக்குள் அப்பாவும் தம்பியும் சட்டையைக் கழற்றியதும் அது கலைந்துவிடும். அங்கே "வேட்டி கட்டிய ஒருவர்" என்ற அடையாளத்துக்கு ஆயிரம் பேர் பொருந்துவார்கள். ஆனால் வெளிக்கிடும்போது பிள்ளையை உடுப்போடு ஒரு படம் எடுத்துவையுங்கள். பதற்றத்தில் சட்டை என்ன நிறம் என்று பெற்ற தாய்க்கே வாயில் வராது.

எந்தப் பயணத்துக்கு எது

| பயணம் | முதலில் | கூடவே | வேண்டாம் |
|---|---|---|---|
| நல்லூர்த் தேர், தீர்த்தம் | ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள் | கையில் எண் | கயிறு, சட்டைப் பை அட்டை |
| நயினாதீவு, நெடுந்தீவு படகு | ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள் | உயிர்காப்பு அங்கி, கைப்பட்டி | கயிறு |
| கீரிமலை, கசூரினா | கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஆள் | கைப்பட்டி | கடிகாரத்தை நம்பிக் கண்ணை எடுப்பது |
| விமான நிலையம், புகையிரத மேடை | நெஞ்சுப்பட்டிக் கயிறு | கைப்பட்டி | |
| பேராதனை, தெஹிவளை | சிங்கள வரி சேர்த்த கைப்பட்டி | ஏழு வயதுக்கு மேல் கடிகாரம் | |

தவறிவிட்டால்

எதை வாங்கினாலும் இது தெரிந்திருக்க வேண்டும். முதலில் ஆபத்தான இடத்தைப் பாருங்கள், பிள்ளை விரும்பும் இடத்தைப் பிறகு பார்க்கலாம். கேணி, கடல், ரோட்டு, கட்டுக் குறைந்த கிணறு. சொந்தக்காரர் வீட்டுக்குப் போன இடத்தில் என்றாலும் முதலில் கிணற்றடி. ஒருவர் கடைசியாகப் பிள்ளையைக் கண்ட இடத்தைவிட்டு அசையக் கூடாது. மற்றவர்கள் வாய்விட்டுக் கேட்டுக்கொண்டு தேடட்டும், வெட்கம் பார்க்க வேண்டாம். ஒலிபெருக்கியில் அறிவிக்கக் கொடுக்கும்போது பிள்ளையின் வீட்டுப் பெயரைக் கொடுங்கள். பிறப்புச் சான்றிதழில் இருக்கும் நீளப் பெயரைப் பாடசாலைக்குப் போகாத பிள்ளை தன் பெயரென்றே நினைக்காது. பொலிஸுக்கு 119. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் உதவி எண் 1929. இரண்டையும் போனில் இப்போதே பதிந்துவையுங்கள்.

பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது இரண்டே சொல்: நின்ற இடத்தில் நில்; பிள்ளையோடு நிற்கும் ஒரு அம்மாவிடம், இல்லாவிட்டால் கடைக்கார அம்மாவிடம் கையைக் காட்டு. அன்று அக்காவின் மகன் யாரும் சொல்லாமலேயே அதைத்தான் செய்திருந்தான். காட்டக் கையில் எண் இருந்திருந்தால் அந்த இருபது நிமிடம் இரண்டு நிமிடமாக முடிந்திருக்கும்.

கேட்ட மூன்று குடும்பத்தில் இரண்டுக்கு, கடிகாரத்தை விட்டுவிட்டு ஒரு பெட்டி கைப்பட்டியும் இரண்டு மார்க்கரும் வாங்கிவரச் சொல்லிவிட்டேன். மூன்றாவது குடும்பத்தின் மகளுக்கு எட்டு வயது, கண்டியில் ஒரு கிழமை நிற்கப் போகிறார்கள். அவர்கள் கடிகாரத்தோடு வரட்டும். சிம் வாங்க நானே கூட்டிப்போகிறேன்.